ஏர் பிஸ்டல் வாங்க லோன் போடுவதற்கு முன்

எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் இரண்டு மூன்று மாதம் போனதும் ஒரே கேள்வியோடு வருவார்கள். "மேடம், சொந்தமா பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன், ஸ்டெயரா மோரினியா?" இரண்டும் வெளிநாட்டு பிஸ்டல் கம்பெனிகளின் பெயர். 2022 இல் மாநிலப் போட்டிக்காக நடிகர் அஜித் திருச்சிக்கு வந்து சுட்டுவிட்டுப் போனபோது ஒரு கூட்டம் சேர்ந்தது, 2024 இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு இன்னொரு கூட்டம். வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஏற்கெனவே யாரோ அனுப்பிய விலைப்பட்டியல் இருக்கும். இவர்களுக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் ஏறாது, எனக்கே அப்போது ஏறியிருக்காது. அதனால் எனக்கு நடந்ததை முழுசாக எழுதிவிடுகிறேன். கடைக்காரர் பெயர், கிளப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் என்பது அடைத்து வைத்த காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் சுடுவது. ஒரே கையில் பிடித்து, நின்றபடி, 75 நிமிடத்துக்குள் 60 குண்டு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10, ஆக மொத்தம் 600. நம் நாட்டில் இந்த வகைக்கு ஆயுத லைசென்ஸ் தேவையில்லை, அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். நான் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கோடை விடுமுறையில் மகனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அவன் இரண்டே வாரத்தில் "போர் அடிக்குதும்மா" என்று கிரிக்கெட்டுக்குத் திரும்பிவிட்டான், கட்டிய பணம் வீணாக வேண்டாமே என்று நான் நின்றேன். அப்படித்தான் ஆரம்பம்.

முதல் வருடம் ஸ்கோர் வேகமாக ஏறும், எல்லோருக்கும் அப்படித்தான். 430, 460, 490 என்று ஏறிக்கொண்டே வந்து 515-க்கும் 525-க்கும் நடுவில் எனக்கு நின்றுவிட்டது. என்ன செய்தாலும் அங்கேயே. சில நாள் ஒரு சீரிஸ், அதாவது பத்துக் குண்டு, 92 வரும், அடுத்ததே 81. கிளப்பில் நான் சுட்டது பழைய பிஸ்டல், எத்தனையோ கை மாறியது, மரக் கிரிப்பில் மூலைகளெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கும். கூடச் சுடுகிறவர்கள் சொன்னார்கள், "கிளப் பிஸ்டல்ல இதுக்கு மேல வராதுங்க". அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர்களிடமும் வேறொருவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த வார்த்தை எவ்வளவு சுகமாக இருக்கும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். 81 அடித்துவிட்டு வெளியே வரும்போது குறை நம்மிடம் இல்லை, அந்தப் பழைய இரும்பில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம் பாருங்கள். அந்த நிம்மதிக்குத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பணக் கணக்கைச் சொல்கிறேன். ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ஸ்விட்சர்லாந்தின் மோரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பர்தினி, இவைதான் பெரும்பாலும் போட்டிகளில் கண்ணில் படும் பெயர்கள். எல்லாம் இறக்குமதி. எனக்குச் சொன்ன விலை வரி, அனுப்புகிற செலவு எல்லாம் சேர்த்து 2,35,000 ரூபாய். கையில் கொஞ்சம் இருந்தது, மீதிக்கு நகையை வைத்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் தடுக்கவில்லை, "இதை வாங்கினா ஸ்கோர் ஏறிடுமா?" என்று மட்டும் கேட்டார். ஏறிவிடும் என்று அடித்துச் சொன்னேன். அப்புறம் வட்டி கட்ட வேண்டுமே என்று, அதுவரை மாதம் 4,000 ரூபாய் கொடுத்துப் போய்க்கொண்டிருந்த தனிப் பயிற்சியை நிறுத்திவிட்டேன். புது பிஸ்டல் வந்ததும் மறுபடி சேர்ந்துகொள்ளலாம் என்பது திட்டம். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் பலரும் இதே வரிசையில்தான் செய்கிறார்கள். பிஸ்டலுக்கான பணம் எங்கோ வானத்திலிருந்து வருவதில்லை, பயிற்சிக்கு வைத்திருந்ததிலிருந்துதான் எடுக்கிறோம். 2,35,000 என்பது எனக்கு ஏறக்குறைய ஐந்து வருடப் பயிற்சிக் கட்டணம்.

கடைக்காரர் முழுப் பணமும் முன்பணமாகக் கேட்டார். "மேடம், ஆர்டர் போட்டா ரெண்டு மாசத்துல வந்துடும், கவலையே படாதீங்க" என்றார். அந்த இரண்டு மாதம் நீண்டுகொண்டே போய் அடுத்த பொங்கலையும் தாண்டிவிட்டது. ஒரு முறை கம்பெனியில் ஸ்டாக் இல்லை என்பார், ஒரு முறை சரக்கு கஸ்டம்ஸில் நிற்கிறது என்பார், ஒரு முறை போனையே எடுக்க மாட்டார். நான் வங்கியில் கடன் வாங்கியவர்களுக்குப் போன் செய்து தவணை கேட்கிற வேலையில் இருப்பவள், என் பணத்தைக் கேட்டு நானே தினமும் இன்னொருவருக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ராத்திரி தூக்கம் வராது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை, கேட்கும்போதெல்லாம் "வந்துடும்" என்பேன். கிளப்பில் கேட்டால் கேலி செய்வார்களோ என்று அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அதே ஆளிடம் பணம் கட்டிவிட்டு எங்கள் கிளப்பிலேயே இன்னும் சிலர் இதே மாதிரி மூச்சுவிடாமல் காத்திருந்தார்கள் என்று. ஒருவர் வாயைத் திறந்திருந்தாலும் எல்லோருமாகச் சேர்ந்து போய்க் கேட்டிருக்கலாம்.

அதனால் பணம் கொடுக்கிற விஷயத்தில் ஒரு வங்கிக்காரியாகச் சொல்கிறேன். முழுப் பணம் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள், கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ரொக்கமாகவோ தனிநபர் கணக்குக்கோ கொடுக்காமல் கடையின் பெயரில் உள்ள கணக்குக்கு அனுப்பி, ஜிஎஸ்டி எண்ணோடு ரசீது வாங்குங்கள். மாடல், கிரிப் அளவு, இடக்கையா வலக்கையா, எத்தனை காற்றுச் சிலிண்டர், எந்தத் தேதிக்குள் வராவிட்டால் பணம் திரும்ப வரும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே இந்தியாவுக்குள் வந்து கடையில் இருக்கிற பிஸ்டல் என்றால் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும் அதுவே மேல், கையில் பிடித்துப் பார்க்கலாம் இல்லையா. இந்தக் கையில் பிடித்துப் பார்ப்பதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஒரு வழியாகப் பெட்டி வந்தது. பொய் சொல்லவில்லை, திறந்தபோது கண் கலங்கியது. பளபளவென்று, மெத்தைக்குள் பதித்து, கூடவே ஒரு சிறு அட்டை. தொழிற்சாலையில் அந்த பிஸ்டலைத் தாங்கியில் பூட்டி 10 மீட்டரில் சுட்டுப் பார்த்த அட்டை அது, ஐந்து குண்டும் ஒரே ஓட்டையாகப் போயிருந்தது. அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அழகு பார்த்தேன். மறுநாள் ரேஞ்சில் எடுத்துப் பிடித்தால் கிரிப் பெரிசு. எனக்குச் சின்னக் கை, ஆர்டரில் ஸ்மால் என்று சொல்லியிருந்தேன், வந்தது மீடியம். மாற்றித் தரச் சொன்னால் இன்னும் எத்தனை மாதமோ. இந்த பிஸ்டல்களின் கிரிப் சும்மா ஒரு கைப்பிடி மாதிரி கிடையாது, உள்ளங்கையின் மேடு பள்ளத்துக்கு ஏற்பக் குடைந்த மரம். அது கையில் சரியாக உட்கார்ந்தால் கண்ணை மூடிக் கையைத் தூக்கித் திறந்தாலும் குறி பார்க்க முன்னால் இருக்கிற ஃப்ரன்ட் சைட் பின்னால் இருக்கிற ரியர் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில் தானாக வந்து நிற்கும். உட்காராவிட்டால் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டைத் திருகி நேராக்க வேண்டும், அறுபது குண்டுக்கும் திருகிக்கொண்டே இருக்க முடியாது. நான் எம்-சீல் வாங்கி வந்து, பிசைந்து ஒட்டி, கையை அழுத்தி அச்சு எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கேவலமாகத்தான் இருந்தது, ஆனால் பலரும் இதைச் செய்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசியில் வேறு கிரிப் வரவழைக்க இன்னொரு 20,000 போனது.

இதற்குள் மாநிலப் போட்டி வந்துவிட்டது. போட்டிக்கு முன்னால் உபகரணச் சோதனை நடக்கும். பிஸ்டலின் எடை 1,500 கிராமுக்கு மேல் போகக் கூடாது, குறிப்பிட்ட அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும், ட்ரிகர் இழுக்கும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. பிஸ்டலைச் செங்குத்தாகப் பிடித்து ட்ரிகரில் 500 கிராம் எடைக்கல்லை மாட்டித் தூக்குவார்கள், கல் மேலே எழும்பும் வரை ட்ரிகர் விடுபடாமல் நிற்க வேண்டும். என்னுடையது டக்கென்று விட்டுவிட்டது. மூன்று வாய்ப்பு உண்டு, மூன்றிலும் விட்டது. யாரோ சொன்னார்கள் என்று வீட்டில் வைத்து ட்ரிகரை "லைட்" ஆக்கி வைத்திருந்தேன், அளந்து பார்க்க எடைக்கல் இல்லை. எந்த ஸ்க்ரூ எதற்கு என்றும் தெரியாது, வந்த புத்தகம் ஜெர்மனும் ஆங்கிலமும். பக்கத்து மாவட்டத்துப் பையன் ஒருவன், கல்லூரி படிக்கிற வயசு, "அக்கா, கொடுங்க" என்று வாங்கி அங்கேயே சரிசெய்து கொடுத்தான். அவன் இல்லாவிட்டால் சுட்டிருக்கவே முடியாது. ஆனால் இப்போது அது நான் பழகிய ட்ரிகர் இல்லை. முதல் சீரிஸிலிருந்தே விரல் தயங்கியது, பயந்து பயந்து இழுத்தேன், 498 வந்தது. இரண்டரை லட்சம் செலவழித்து ஐநூறுக்குக் கீழே. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன், பெட்டியை மட்டும் மடியை விட்டு இறக்கவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ரேஞ்சுக்கே போகவில்லை. திரும்பப் போனபோது, நான் விட்டுவிட்டு வந்த அதே பயிற்சியாளர், வயதானவர், அதிகம் பேச மாட்டார், "பிஸ்டலைக் கொடுங்க மேடம்" என்று வாங்கி, மேஜையில் மணல் பையைப் போட்டு அதன்மேல் சாய்த்து வைத்துச் சுட்டார். ஐந்து குண்டும் ஒரே ஓட்டை. சரி, நல்ல பிஸ்டல்தான். அடுத்து அந்தப் பழைய கிளப் பிஸ்டலை எடுத்து அதே மாதிரி சுட்டார். அதிலும் ஏறக்குறைய ஒரே ஓட்டை, கொஞ்சம் அகலமாக, அவ்வளவுதான். இரண்டு அட்டையையும் என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த இரண்டு அட்டைகளை வைத்து நான் போட்ட கணக்கு இது, நீங்களும் போட்டுப் பாருங்கள். ஏர் பிஸ்டல் டார்கெட்டில் 10-ஆம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். குண்டு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த எண் கிடைக்கும். அதனால் குண்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10, அதற்கு வெளியே ஒவ்வொரு 8 மில்லிமீட்டருக்கும் ஒரு புள்ளி குறையும். பழைய பிஸ்டல் தானாகச் செய்கிற தவறு இரண்டு மூன்று மில்லிமீட்டர், அது 10-க்குள்ளேயே அடங்கிப் போகிறது. நான் அடித்த 7-களும் 6-களும் 25, 35 மில்லிமீட்டர் தள்ளிப் போனவை. அவை எங்கிருந்து வந்தன? இரண்டு சைட்டுக்கும் நடுவில் உள்ள தூரம் சுமார் 34 சென்டிமீட்டர். சுடுகிற கணத்தில் ஃப்ரன்ட் சைட் 0.3 மில்லிமீட்டர் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், 10 மீட்டரில் குண்டு கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் விலகிவிடும். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் 29. அதே சமயம் சைட்டுகள் இரண்டும் நேராக இருந்து, கை மட்டும் மொத்தமாக 5 மில்லிமீட்டர் ஆடினால் குண்டும் அதே 5 மில்லிமீட்டர்தான் விலகும், அதுவும் 10 தான். கை ஆடாத மனிதர் உலகத்தில் கிடையாது. ஆட்டத்தைக் கண்டு பயந்து, கறுப்புப் பொட்டு நடுவே வரும்போது சட்டென்று ட்ரிகரைப் பிடுங்குகிறோமே, அப்போதுதான் ஃப்ரன்ட் சைட் சாய்கிறது. என் புள்ளிகள் எல்லாம் அங்கேதான் கசிந்துகொண்டிருந்தன. இதை எந்தக் கம்பெனியும் சரிசெய்து விற்பதில்லை.

இன்னொன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள். நாற்பது வயதுக்கு மேல் இருந்தால் பிஸ்டலுக்கு முன்னால் கண்ணைப் பாருங்கள். இந்த விளையாட்டில் கண் தெளிவாகப் பார்க்க வேண்டியது டார்கெட்டை இல்லை, கை நீட்டிய தூரத்தில் இருக்கிற ஃப்ரன்ட் சைட்டை. டார்கெட் மங்கலாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். எனக்கு ஃப்ரன்ட் சைட்டின் மேல் விளிம்பு சில மாதங்களாகவே பிசிறடித்துத் தெரிந்தது, வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கண் டாக்டரிடம் போய், படிப்பதற்கு இல்லை, ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கிற பொருள் கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று விளக்கினேன். தூரப் பார்வைக்கான பவரோடு +0.50 கூட்டிக் கொடுத்தார். சாதாரணக் கண்ணாடிச் சட்டத்தில்தான் போட்டேன், இரண்டாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. அந்த வாரமே குண்டுகள் மேலும் கீழும் சிதறுவது குறைந்தது. மொத்தச் செலவில் ரூபாய்க்கு அதிகப் புள்ளி வாங்கிக் கொடுத்தது இதுதான்.

பயிற்சிக்கு மறுபடி பணம் கட்டிச் சேர்ந்தேன். முதல் ஒரு மாதம் பயிற்சியாளர் என்னை டார்கெட்டே பார்க்க விடவில்லை, வளையம் எதுவும் இல்லாத வெள்ளைத் தாளைத் தொங்கவிட்டுச் சுடச் சொன்னார். குறி என்று ஒன்று இல்லாதபோது சட்டென்று பிடுங்க எதுவுமில்லை, கண் தானாக ஃப்ரன்ட் சைட்டுக்கு வந்துவிடும். வெள்ளைத் தாளில் என் குண்டுகள் விழுந்த வட்டம், டார்கெட் வைத்துச் சுட்டதைவிடச் சின்னதாக இருந்தது. நம்பவே முடியவில்லை. அப்புறம் வீட்டில் டிரை ஃபயர், அதாவது குண்டே இல்லாமல் வெற்றுச் சுவரைப் பார்த்து ட்ரிகர் இழுப்பது. இந்த வகைப் பிஸ்டல்களில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது, காற்றும் செலவாகாது. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்தபின் அரை மணி நேரம், ட்ரிகர் விடுபட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் சைட்டைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கையை நீட்டி அரை நிமிடம் அப்படியே வைத்திருந்து இறக்கும் ஹோல்டிங் பயிற்சி, தோளுக்கும் இடுப்புக்கும் கொஞ்சம் உடற்பயிற்சி. இதற்கெல்லாம் செலவு பூஜ்யம், ஆனால் எதைச் செய்கிறோம் என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தப்பையே தினமும் அரை மணி நேரம் பழகிக்கொள்வோம்.

பக்கத்து நகரத்தில் ஓர் அகாடமியில் ஸ்காட் கருவி இருந்தது, சில நாள் வாடகைக்குப் போனேன். பிஸ்டலின் குழலில் மாட்டினால் குறி எங்கெல்லாம் அலைகிறது என்று கணினித் திரையில் கோடாக வரைந்து காட்டும். என் கோடு கடைசி நொடி வரை 9, 10 வளையத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, ட்ரிகர் விடுபடும் முன் கண் இமைக்கிற நேரத்தில் இடது கீழ்ப்பக்கம் சொட்டென்று இறங்கியது. ஒவ்வொரு முறையும் அதே பக்கம். வருடக்கணக்காகத் தேடிய வியாதிக்கு ஸ்கேன் எடுத்த மாதிரி இருந்தது. இந்தக் கருவியைச் சொந்தமாக வாங்கலாமா என்று உடனே ஓர் ஆசை எழுந்தது பாருங்கள், மனசு திருந்தவே திருந்தாது. வாங்கவில்லை, மாதம் ஒரு முறை வாடகை போதும்.

ஆயுதமே முக்கியமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் யூசுஃப் டிகேச் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு சுட்டுக் கலப்பு இரட்டையரில் வெள்ளி வாங்கியபோது, "எந்தச் சாதனமும் இல்லாமல் வந்து அடித்தார்" என்று மீம் பறந்தது. அவர் கையில் இருந்தது முழுமையான போட்டிப் பிஸ்டல்தான், பாக்கெட்டில் கை விடுவது பிஸ்டல்காரர்கள் பலரும் உடம்பு ஆடாமல் இருக்கச் செய்வது. அவருக்கு அது ஐந்தாவது ஒலிம்பிக், 2008 பெய்ஜிங்கிலிருந்து சுட்டுக்கொண்டிருக்கிறார், அதை யாரும் மீம் போடவில்லை. இந்தப் பக்கம் மனு பாக்கரைப் பாருங்கள். 2021 இல் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவில் பிஸ்டல் பழுதாகி, அதைச் சரிசெய்வதில் நேரம் போய், 575 சுட்டு இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்றை இழந்தார். அங்கே ஆயுதம்தான் காலை வாரியது. ஆனால் அதற்குப் பிறகு அவரை மீட்டுக் கொண்டுவந்தது ஆயுதம் இல்லை, 2023 இல் பழைய பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவிடம் திரும்பப் போனார், மறுவருடம் பாரிஸில் தனியாக ஒன்று, சரப்ஜோத் சிங்கோடு ஒன்று என்று இரண்டு வெண்கலம். 575 சுடுகிறவருக்கு ஒரு பழுது இரண்டு புள்ளியைப் பறிப்பது பெரிய விஷயம். 520 சுடுகிற எனக்கு எண்பது புள்ளி வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

இப்போது என் ஸ்கோர் 540-ஐத் தாண்டி நிற்கிறது, நல்ல நாளில் 548. பெரிய ஸ்கோர் இல்லை. தென் கொரியாவின் ஜின் ஜோங்-ஓ 2009 இல் 594 சுட்டவர், அந்த உலகமே வேறு. ஆனால் ஒரு நாள் என் பிஸ்டலில் காற்றை அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் தேய்ந்து காற்று கசிந்தபோது, வேறு வழியில்லாமல் அந்தப் பழைய கிளப் பிஸ்டலை எடுத்து முழுப் போட்டியும் சுட்டேன். 541 வந்தது.

அப்படியானால் எப்போதுதான் வாங்குவது என்று கேட்பீர்கள். கிளப் பிஸ்டல் எப்போதும் இன்னொருவர் கையில் இருக்கிறது, உங்கள் நேரத்துக்குக் கிடைக்கவில்லை என்றால் வாங்கலாம், அது நியாயமான காரணம். உங்கள் கைக்கு அந்தக் கிரிப் எந்த வகையிலும் பொருந்தவில்லை என்றால் வாங்கலாம், ஆனால் முதலில் கிளப்பில் கேட்டு அதே பிஸ்டலுக்கு உங்கள் அளவில் ஒரு கிரிப் மட்டும் வாங்கி மாட்டிச் சுட முடியுமா பாருங்கள், பத்தில் ஒரு பங்கு செலவில் முடிந்துவிடலாம். வீட்டில் தினமும் டிரை ஃபயர் செய்ய வேண்டும் என்று பயிற்சியாளரே சொன்னால் வாங்கலாம். குண்டு போனதும் டார்கெட்டைப் பார்க்காமலேயே "வலது பக்கம் 8" என்று உங்களால் சொல்ல முடிந்து, அது பெரும்பாலும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள், அந்த நிலைக்கு வந்துவிட்டால் ஆயுதத்தின் குறை எது, உங்கள் குறை எது என்று உங்களுக்கே பிரித்துத் தெரியும். வாங்கும்போது, பிஸ்டல் விலைக்கு மேல் ஒரு வருடப் பயிற்சிக் கட்டணமும் குண்டு வாங்குகிற செலவும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் கிளப் பிஸ்டலிலேயே சுடுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது.

புதிது வேண்டாம், பழசே போதும் என்று தேடுகிறவர்கள் நிறைய. நல்ல யோசனைதான், படிப்பு முடிந்து வேலைக்குப் போகிற பிள்ளைகள் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் அழகு பார்க்காமல் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். அதில் தயாரித்த தேதி பொறித்திருக்கும், இந்தக் காற்றுச் சிலிண்டர்களுக்குப் பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள். 200 பார் அழுத்தத்தை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறோம், விளையாட்டில்லை. காலாவதியான சிலிண்டரோடு போனால் போட்டியிலும் சோதனையில் நிறுத்தலாம், அது நம் பொறுப்பு என்றுதான் சர்வதேச விதியே சொல்கிறது. புதுச் சிலிண்டர் தனியாகப் பல ஆயிரம் ஆகும், அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். கைப்பம்பில் காற்று அடித்தே பழகிய பிஸ்டல் என்றால் ஈரம் உள்ளே போயிருக்க வாய்ப்புண்டு, ஓ-ரிங் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ராத்திரி முழுக்கக் காற்று நிரப்பி வைத்துவிட்டுக் காலையில் மீட்டர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ட்ரிகர் சோதிக்கும் 500 கிராம் எடைக்கல் ஒன்று சில நூறு ரூபாய்தான், பிஸ்டல் வாங்குகிற அன்றே அதையும் வாங்கிவிடுங்கள். ரசீதில் பிஸ்டல் எண்ணோடு சிலிண்டர் எண்ணையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள், எழுத மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.